ஒரு கணினி, நான்கு விசைப்பலகைகள்: ஒரு பகிர்வின் வரலாறு



பள்ளிக்குக் கணினி வாங்குவது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், "எத்தனை கணினிகள்?" என்ற கேள்வியே முதலில் வருகின்றது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் நன்கொடையாளர்களுக்கு எழுதும் கடிதங்களிலும் இக்கேள்வியையே பார்க்கிறோம். "எத்தனை விசைப்பலகைகள்?" என்று எவரும் கேட்பதில்லை. கணினி ஒன்றென்றால் விசைப்பலகையும் ஒன்றுதானே என்று நாம் எண்ணிவிடுகிறோம்.

அவ்வெண்ணம் இயற்கை விதியன்று. அது வரலாற்றின் ஒரு கட்டத்தில் தோன்றிய பழக்கம். அதற்கு முன்னர் ஒரே கணினியை நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் பயன்படுத்தினர். அதற்குப் பின்னரும் சிலர், ஒரு சாதாரண மேசைக்கணினியில் நான்கு திரைகளையும் நான்கு விசைப்பலகைகளையும் பொருத்தி, நான்கு பிள்ளைகளைத் தனித்தனியே அமர வைத்தனர். அவ்வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் காணவிருக்கிறோம். தொழில்நுட்பச் செய்திகள் சில இடையிடையே வரும். அவற்றை எளிமையாகவே சொல்ல முயல்கிறேன்.

விசைப்பலகை யார் கையில்?

மூன்று பிள்ளைகளை ஒரு கணினியின் முன் அமர்த்திப் பாருங்கள். சற்று நேரத்தில் ஒரு பிள்ளை விசைப்பலகையையும் சுட்டியையும் தன்வசமாக்கிக்கொள்ளும். இன்னொரு பிள்ளை, "அதை அழுத்து, இதை அழுத்து" என்று சொல்லிக்கொண்டிருக்கும். மூன்றாவது பிள்ளை வேடிக்கை பார்க்கும். பாடம் முடிந்ததும் மூவரும் கணினிப் பாடம் பயின்றதாகவே நம் பதிவேடு சொல்லும். உண்மையில் பயின்றது ஒருவர்தான்.

இது நம் பள்ளிகளுக்கு மட்டும் உரிய காட்சியன்று. இந்தியாவிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், கெந்தாரோ டோயாமா முதலியோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வுக்கட்டுரையும் இதையேதான் பேசிற்று. சிற்றூர்ப் பள்ளிகளில் பல பிள்ளைகள் ஒரு கணினியைச் சூழ்ந்திருக்க, கை ஓங்கிய ஒரு பிள்ளையே சுட்டியை ஆள்வதை அவர்கள் கண்டனர். ஒரே திரையில் பிள்ளைக்கு ஒரு சுட்டி கொடுத்தால் என்ன என்பதே அவர்கள் முன்வைத்த தீர்வு. அது ஒரு வழி. நாம் காணவிருப்பது இன்னொரு வழி: ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்திரை, தனி விசைப்பலகை, தனிக்கோப்புகள், ஆனால் உள்ளே இயங்கும் கணினி ஒன்றே.

நேரத்தைப் பங்கிட்ட காலம்

1950களில் கணினி ஓர் அறையை நிறைக்கும் பெரும்பொறி. அதன் விலை பல்கலைக்கழகங்களையே திணற வைத்தது. நிரல் எழுதியவர் அதைத் துளையட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கில் காத்திருந்தார். ஒரு காற்புள்ளி பிழைத்திருந்தால் மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும்.

1959 ஜனவரி முதல் நாளில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் மெக்கார்த்தி ஒரு குறிப்பு எழுதினார். ஒரு கணினியின் நேரத்தைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பலருக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம் என்பது அதன் சாரம். 1961 நவம்பரில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையிலான குழுவினர், அத்தகைய ஓர் அமைப்பை அதே பல்கலைக்கழகத்தில் இயக்கிக் காட்டினர்.

இதன் இயக்கம் நமக்குப் புதியதன்று. மாணவர் எண்ணிக்கை குறைந்த தோட்டப்புறப் பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே வகுப்பறையில் வைத்துக் கற்பித்த ஆசிரியர்களைக் கேளுங்கள். மூன்றாம் ஆண்டினருக்குக் கணக்குக் கொடுத்துவிட்டு, அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டாம் ஆண்டினருக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுப்பார். யாரும் காத்திருப்பதாக உணர மாட்டார்கள். கணினியும் அவ்வாறே ஒருவர் சிந்திக்கும் இடைவெளியில் இன்னொருவருக்கு வேலை செய்தது. நொடிக்குள் பலமுறை இவ்வாறு மாறி மாறிச் செய்ததால், ஒவ்வொருவருக்கும் கணினி முழுவதும் தமக்கே உரியது போன்ற உணர்வு ஏற்பட்டது. பலருடைய கோப்புகள் ஒரே இடத்தில் இருந்ததால், ஒருவருடையதை மற்றவர் திறவாதிருக்க அவ்வமைப்பில் கடவுச்சொல் முறையும் வைக்கப்பட்டது. இன்று நாம் நாள்தோறும் தட்டும் கடவுச்சொல் இப்பகிர்வு வாழ்க்கையோடு வளர்ந்த வழக்கம்தான்.

ஆசிரியர்களாகிய நாம் மறக்கக்கூடாத இரண்டு முயற்சிகள் உண்டு. முதலாவது, டார்ட்மத் கல்லூரியில் நடந்தது. ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்னும் கணிதப் பேராசிரியர் இருவரும், அறிவியல் மாணவர் மட்டுமன்றிக் கலைத்துறை மாணவரும் கணினியைத் தொட வேண்டும் என்று விரும்பினர். அதற்காகவே பேசிக் என்னும் எளிய நிரல்மொழியை உருவாக்கினர். 1964 மே முதல் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு, இரண்டு முனையங்களிலிருந்து ஒரே வேளையில் பேசிக் நிரல்கள் இயக்கப்பட்டன; இரண்டிலும் சரியான விடை வந்தது.

இரண்டாவது, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ அமைப்பு. டொனால்ட் பிட்சர் 1960இல் தொடங்கிய இது, தொடக்கம் முதலே கற்பித்தலுக்கென்று பிறந்தது. முதல் வடிவத்தில் ஒரு மாணவர் மட்டுமே அமர முடிந்தது. அடுத்த ஆண்டே இருவர் அமர்ந்தனர். 1970களின் நடுவில் ஒரே மையக் கணினியோடு ஆயிரத்தை நெருங்கும் முனையங்கள் இணைந்திருந்தன. ஒவ்வொரு முனையத்திலும் ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு மாணவர்.

கம்பியே முகவரி

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இத்தனை பேர் ஒரே வேளையில் தட்டும்போது, எந்த எழுத்து எவருடையது என்று கணினிக்கு எப்படித் தெரிந்தது?

விடை எளிது. ஒவ்வொரு முனையமும் தனக்கென ஓர் இணைப்பு வழியாகக் கணினியை அடைந்தது. அந்த வழியில் வந்த எழுத்து அந்த முனையத்தாருடையது. அவருக்குரிய விடையும் அதே வழியில் திரும்பிச் சென்றது. கம்பியே முகவரியாக விளங்கியது. விசைப்பலகையும் திரையும் ஒரே கருவியின் இரு உறுப்புகளாக இருந்ததால் அவற்றைப் பொருத்திப் பார்க்க வேண்டிய தேவையே எழவில்லை.

1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் உருவாக்கத் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளமும் இம்முறையையே மேற்கொண்டது. அன்று முனையமாகப் பயன்பட்டது டெலிடைப் என்னும் தொலையச்சுப் பொறி. அப்பெயரின் சுருக்கமான டி.டி.ஒய். என்னும் மூன்றெழுத்து, இன்றும் யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் முனையத்தின் பெயராக நிலைத்திருக்கின்றது. அப்பொறி அருங்காட்சியகத்திற்குப் போய்விட்டது. அதன் பெயர் மட்டும் கணினிக்குள் வாழ்கின்றது.

ஒருவருக்கு ஒன்று

1970களின் இறுதியில் நிலை மாறியது. சில்லுகள் மலிந்தன. 1977இல் ஆப்பிள் 2, 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தனியாள் கணினி ஆகியவை வந்தன. பெயரே சொல்வதுபோல் அது தனி ஒருவருக்கான கணினி. ஒரு விசைப்பலகை, ஒரு திரை, ஒரு நாற்காலி. மென்பொருள் எழுதியோர், "எதிரே இருப்பவர் ஒருவர்தான்" என்று கொண்டு எழுதினர். விசை அழுத்தப்பட்டால் அது யாருடையது என்று கேட்கவே தேவையில்லாமற் போயிற்று.

இது மாபெரும் விடுதலை என்பதில் ஐயமில்லை. கணினி வீட்டிற்குள் வந்ததும் நம் பிள்ளைகள் கைக்கு எட்டியதும் இதனால்தான். எனினும் ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. ஒருவருக்கு ஒன்று வாங்க இயலாத இடங்களில், பகிரும் வழி அடைபட்டது. முன்னர்க் கணினிதான் தன்னைப் பகிர்ந்து கொடுத்தது. இப்போது பிள்ளைகள் நாற்காலியைப் பகிர வேண்டியதாயிற்று.

மெய்நிகர் முனையம்

1991இல் ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் இயங்குதளக் கருவை எழுதத் தொடங்கினார். யுனிக்ஸைப் பின்பற்றிய அது, பலர் பயன்படுத்தும் கட்டமைப்பைத் தன்னுள் கொண்டிருந்தது. ஆனால் அது ஓடியதோ தனியாள் கணினியில்! அங்கே முனையம் ஒன்றுதான்.

எனவே ஓர் உத்தி கையாளப்பட்டது. ஒரே திரையையும் ஒரே விசைப்பலகையையும் வைத்துக்கொண்டு, பல முனையங்கள் இருப்பதுபோல் காட்டுவது. இதற்கு மெய்நிகர் முனையம் என்று பெயர். லினக்ஸில் இது 1992இன் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது. ஆல்ட் விசையோடு எஃப்1 அழுத்தினால் முதல் முனையம். எஃப்2 அழுத்தினால் இரண்டாவது. ஒரே கரும்பலகையின் பக்கங்களைத் திருப்பித் திருப்பி எழுதுவது போன்றது இது. பலகைகள் பல, ஆனால் எழுதுகிற கை ஒன்று, ஒரு வேளையில் கண்முன் நிற்பதும் ஒன்றே.

இங்குதான் நம் வரலாற்றின் முடிச்சு விழுகின்றது. இவ்வேற்பாட்டில், எந்த விசை அழுத்தப்பட்டாலும் அது முன்னணியில் நிற்கும் முனையத்திற்கே செல்லும்.

இரண்டாம் விசைப்பலகை எங்கே போயிற்று?

1996இல் யுஎஸ்பி என்னும் இணைப்புத் தரம் வெளிவந்தது. அதுவரை மேசைக்கணினியில் விசைப்பலகைக்கென்று ஒரே ஒரு துளைதான் இருந்தது. யுஎஸ்பி வந்தபின் எத்தனை விசைப்பலகைகளையும் செருகலாம் என்றாயிற்று. அப்படியானால் ஒரே கணினியில் இருவர் தட்டலாமே என்ற ஆசை பலருக்கு எழுந்தது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கணினியில் இன்னொரு விசைப்பலகையைச் செருகி, இருவர் ஒரே வேளையில் தட்டுங்கள். இரண்டு பேர் எழுத்துகளும் ஒரே பக்கத்தில் கலந்து விழும். லினக்ஸின் எழுத்துமுறை முனையத்தில் நிலைமை இன்னும் வேடிக்கையானது. ஒருவர் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்திருந்தால், மற்றவர் தட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் பேரெழுத்தாகிவிடும். இயங்குதளக் கரு, தன்னிடம் வரும் விசைப்பலகைகள் அனைத்தையும் ஒரே ஆளின் கைகளாகவே கருதியது.

நேரத்தைப் பங்கிடும் ஆற்றல் லினக்ஸில் குறைவின்றி இருந்தது. பத்துப் பேர் வலையமைப்பு வழியாக அதே கணினியில் நுழைந்து வேலை செய்யலாம், குழப்பம் நேராது. ஆனால் அருகருகே அமர்ந்து, நேரடியாகச் செருகிய விசைப்பலகைகளில் தட்டும் இருவரை அதனால் வேறுபடுத்த இயலவில்லை. தொலைவில் இருப்பவரை அறிந்த கணினி, எதிரில் இருப்பவரை அறியவில்லை!

இதை மாற்றச் சிலர் முனைந்தனர். ஜேம்ஸ் சிம்மன்ஸ் என்பார் லினக்ஸின் முனையப் பகுதியைத் திருத்தி எழுதும் ரூபி என்னும் திட்டத்தை நடத்தினார். அதைத் தழுவி, 2000களின் தொடக்கத்தில் அய்வில்ஸ் ஸ்டாஸ் என்பார் பேக்ஸ்ட்ரீட் ரூபி என்ற ஒட்டுநிரலை வெளியிட்டார். அதன் கருத்து நேரானது. மெய்நிகர் முனையங்கள் அனைத்தும் ஒரே குவியலாக இருப்பதால்தானே குழப்பம்? அவற்றைக் குழுக்களாகப் பிரிப்போம். முதல் குழு முதல் இருக்கைக்கு. அடுத்த குழு இரண்டாம் இருக்கைக்கு. ஒவ்வொரு குழுவுக்கும் இந்த விசைப்பலகை என்று எழுதி வைப்போம்.

விசைப்பலகையை எப்படி அடையாளம் காண்பது? ஒரே கடையில் வாங்கிய நான்கு மலிவான விசைப்பலகைகள் கணினியின் கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். எனவே விசைப்பலகையை விட்டுவிட்டு, அது செருகப்பட்ட துளையையே அடையாளமாகக் கொண்டனர். இந்தத் துளையில் வருவது முதல் இருக்கை; அந்தத் துளையில் வருவது இரண்டாம் இருக்கை. பழைய டெலிடைப் காலத்துக் 'கம்பியே முகவரி' என்ற முறைதான் இங்கு மீண்டும் வந்தது.

இவ்வொட்டுநிரல் லினக்ஸின் அதிகாரமுறைப் பதிப்பில் சேரவில்லை. ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அதைத் திருத்திப் பொருத்த வேண்டியிருந்தது. நாளடைவில் வேறு வழியே வென்றது. முனையத்தைப் பிரிக்கப் போராடுவதைவிட, முனையத்தைத் தொடாமலே கடந்து செல்வது அவ்வழி. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 பதிப்பில், ஒவ்வொரு விசைப்பலகையையும் தனித்தனிக் கோப்பாகவே படிக்க முடிந்தது. ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு வரைகலைத் திரை நிரலை இயக்கி, "நீ இந்த விசைப்பலகையை மட்டும் கேள்" என்று கட்டளையிட்டால் போதும்.

போதும் என்றேனே, அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவ்விசைப்பலகையைத் திரை நிரல் கேட்டது. பின்னணியிலிருந்த மெய்நிகர் முனையமும் சேர்ந்து கேட்டது. மாணவர் ஒருவர் தட்டும் கடவுச்சொல் பின்னணி முனையத்திலும் போய் விழலாம். எனவே, "இவ்விசைப்பலகை எனக்கு மட்டுமே உரியது, வேறெவரும் கேட்கக்கூடாது" என்று பற்றிக்கொள்ளும் ஒரு கட்டளை தேவைப்பட்டது. லினக்ஸில் அதற்கும் வழி செய்யப்பட்டது.

திரைகளுக்கும் இதே தொல்லைதான். ஒரே கணினியில் இரண்டு மூன்று வரைகலை அட்டைகளைச் செருகினால், ஒவ்வொன்றும் பழைய வழக்கப்படி ஒரே நினைவக முகவரியைத் தனக்கென்று கோரும். அவற்றுக்கிடையே நடுவராக நின்று முறைவைத்துக் கொடுக்கும் பகுதி, 2009 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.32 பதிப்பில்தான் சேர்ந்தது. அப்பணியில் முனைந்து நின்றவர்களுள் ஒருவரான தியாகோ விக்னாட்டி பிரேசில் நாட்டவர். அந்நாட்டவர் இதில் ஈடுபட்டதற்குக் காரணம் உண்டு.

பிரேசில் காட்டிய வழி

பிரேசிலின் தெற்கே பரானா என்றொரு மாநிலம் உள்ளது. அதன் தலைநகர் குரிடிபாவிலுள்ள பரானா கூட்டரசுப் பல்கலைக்கழகத்தில், கட்டற்ற மென்பொருளுக்கென ஓர் ஆய்வு மையம் இயங்கிவந்தது. அம்மாநிலத்தின் ஏறத்தாழ 2,000 அரசுப் பள்ளிகளில் கணினிக்கூடம் அமைக்கும் திட்டம் 2000களின் நடுவில் தொடங்கியபோது, அம்மையத்தார் ஒரு கணக்குப் போட்டனர். பிள்ளைகள் கட்டுரை தட்டும்போதும் இணையப் பக்கம் வாசிக்கும்போதும் கணினியின் ஆற்றலில் பெரும்பகுதி சும்மாவே கிடக்கிறது. அப்படியிருக்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏன் ஒரு முழுக்கணினி?

அவர்கள் ஒரு கணினிக்கு நான்கு திரை, நான்கு விசைப்பலகை, நான்கு சுட்டி என்று பொருத்தினர். அதற்குத் தேவையான மென்பொருளைத் தாமே எழுதி, எவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டனர்.

பின்னர் இவ்வழியைப் பிரேசில் நாடே மேற்கொண்டது. கனடாவைச் சேர்ந்த யூஸர்ஃபுல் நிறுவனமும் அதன் பிரேசில் பங்காளி நிறுவனமும் அந்நாட்டுப் பள்ளிகளுக்கு 356,800 இருக்கைகளை வழங்கவிருப்பதாக 2009 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஓரிரு ஆர்வலர்களின் ஒட்டுநிரலாகத் தொடங்கிய கருத்து, பத்தாண்டு நிறைவதற்குள் ஒரு நாட்டின் கல்வித்திட்டமாக வளர்ந்துவிட்டது.

இத்தகைய அமைப்புகளில் எனக்கு மிகவும் பிடித்தது, முதன்முறை இயக்கும்போது நடக்கும் ஒரு சிறு சடங்கு. எந்த விசைப்பலகை எந்தத் திரைக்கு முன் இருக்கிறது என்று கணினிக்குத் தெரியாது. எனவே ஒவ்வொரு திரையிலும் ஒரு விசையின் பெயர் தோன்றும். அத்திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் தம் விசைப்பலகையில் அவ்விசையை அழுத்த வேண்டும். அழுத்தியதும் திரையும் விசைப்பலகையும் இணைந்துவிடும். நாம் காலையில் பெயர் கூப்பிடுவதும், பிள்ளைகள் "உள்ளேன் ஐயா" என்று சொல்வதும் இதுதானே! கணினி, எதிரே இருப்பவரை ஒவ்வொருவராக அறிந்துகொள்கிறது.

எழுச்சியும் தணிவும்

மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் இவ்வழியில் வந்தது. வகுப்பறைகளை மனத்திற்கொண்டு விண்டோஸ் மல்டிபாயிண்ட் சர்வர் என்னும் பதிப்பை 2010இல் வெளியிட்டது. லினக்ஸ் உலகில் சிஸ்டம்-டி என்னும் அமைப்பு, 'இருக்கை' என்ற கருத்தையே இயங்குதளத்தின் அடிப்படைச் சொற்களுள் ஒன்றாக்கியது. 2012 மே மாதம் வெளிவந்த ஃபெடோரா 17 பதிப்பில், அதற்கென அமைந்த யுஎஸ்பி இணைப்புப் பெட்டி ஒன்றைச் செருகினால் போதும். எந்தக் கட்டளையும் தட்டாமலே புதிய இருக்கை உருவாகிப் புகுபதிகைத் திரை தோன்றிற்று.

அவ்வமைப்பில் மெய்நிகர் முனையங்கள் முதல் இருக்கைக்கு மட்டுமே உரியவை. ஏனைய இருக்கைகளுக்கு முனையமே கிடையாது. திரையும் விசைப்பலகையும் நேரடியாக இணைகின்றன. ரூபி திட்டத்தார் முனையங்களைப் பங்கிட முயன்றனர். வந்தவர்களோ அவற்றை மூத்தவரிடமே விட்டுவிட்டுத் தனிக்குடித்தனம் போய்விட்டனர் எனலாம்.

எளிதாகிய அதே காலத்தில் இதன் தேவை குறையவும் தொடங்கியது. மலிவான மடிக்கணினிகள் பெருகின. 2012 பிப்ரவரியில் ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கையளவுக் கணினி வந்தது; அதன் ஒரு வகையின் விலை 35 அமெரிக்க டாலர். திறன்பேசிகள் வீடுதோறும் புகுந்தன. மைக்ரோசாஃப்டும் தன் மல்டிபாயிண்ட் வசதியை விண்டோஸ் சர்வர் 2019 பதிப்பிலிருந்து நீக்கிவிட்டது. லினக்ஸில் இவ்வசதி நிலைத்திருக்கின்றது.

தமிழ் விசைப்பலகைக்கும் இதில் பங்குண்டு

விசைப்பலகை என்றாலே தமிழாசிரியர்களுக்கு இன்னொரு வழக்கு நினைவிற்கு வரும். நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில் ஒலிபெயர்ப்பு முறையில் தட்டிப் பழகியோர் ஒரு சாரார். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் வழியாகத் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 முறையில் தட்டுவோர் மற்றொரு சாரார். ஒரே விசைப்பலகையைப் பகிரும் வகுப்பில், முன்னவர் மாற்றி வைத்த அமைப்பைப் பின்னவர் மீண்டும் மாற்றுவதிலேயே பாடவேளை கரைந்துவிடும்.

தனி இருக்கை முறையில் இவ்வழக்கே எழாது. ஒவ்வொருவரின் அமர்வும் தனித்தனியானது. ஒருவர் தமிழ்99இலும், அடுத்தவர் அஞ்சல் முறையிலும், மூன்றாமவர் மலாயிலும் ஒரே வேளையில் தட்டலாம். பழைய எழுத்துமுறை முனையத்தில் விசைத்தளக்கோலம் ஒன்றை மாற்றினால் எல்லா முனையங்களிலும் மாறிவிடும் என்பதை எண்ணும்போது, இது சிறிய முன்னேற்றமன்று.

நாம் கருத வேண்டியவை

2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது நம் கல்வி அமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. கருவி இருந்த வீடுகளிலும் அண்ணன், தங்கை, தம்பி மூவருக்கும் ஒன்றே என்ற நிலையைப் பல ஆசிரியர்கள் நேரில் கண்டோம். கருவிகள் மலிந்துவிட்டன என்று சொல்லும் அதே உலகில்தான் இதுவும் நடந்தது.

பல இருக்கைக் கணினி எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்லவில்லை. அதன் குறைகளையும் சொல்லியாக வேண்டும். கணினி ஒன்று பழுதானால் நான்கு பிள்ளைகளும் எழுந்திருக்க வேண்டும். நால்வரும் ஒரே வேளையில் காணொளி பார்த்தால் பழைய கணினி மூச்சு வாங்கும். நினைவகம் போதிய அளவு வேண்டும். யுஎஸ்பி கம்பியை ஐந்து மீட்டருக்கு மேல் நீட்டினால் இணைப்பு உறுதியாக இராது. எனவே இருக்கைகள் நெருங்கியே அமைய வேண்டும். யாரேனும் ஒருவர் லினக்ஸ் அறிந்தவராகப் பள்ளியில் இருப்பதும் நலம்.

ஆயினும், கட்டுரை எழுதவும் தட்டச்சுப் பழகவும் இணையத்தில் வாசிக்கவும் இம்முறை இன்றும் போதுமானது. கிடங்கில் கிடக்கும் பழைய திரைகளும் விசைப்பலகைகளும் அவ்வாறு மீண்டும் பயன்படக்கூடும். உங்கள் பள்ளிக்கு அண்மையில் கணினித்துறை மாணவர்கள் இருந்தால், லினக்ஸில் இருக்கைகளைப் பிரிக்கும் லாகின்-சிடிஎல் என்னும் கட்டளையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் இரண்டு இருக்கைகளை மட்டும் அமைத்துச் சோதிக்கலாம்.

அதுவும் இயலாத பள்ளிகள் உண்டு. அங்கேயும் இவ்வரலாறு நமக்கு ஒன்றைச் சொல்கின்றது. டார்ட்மத் பேராசிரியர்களும் பரானாவின் மென்பொருளாளர்களும் கேட்ட கேள்வி, "நம்மிடம் எத்தனை கணினிகள் உள்ளன?" என்பதன்று, "எத்தனை பேர் தம் கையால் தட்டப் போகிறார்கள்?" என்பதே. அடுத்த முறை கணினிக்கூடத்தில் மூன்று பிள்ளைகளை ஒரு கணினியின் முன் அமர்த்தும்போது, பத்து நிமிடத்திற்கு ஒருமுறை விசைப்பலகையை அடுத்த பிள்ளையின் பக்கம் நகர்த்துங்கள். யார் தட்டினார், யார் தட்டவில்லை என்று பதிவேட்டில் ஒரு குறி இடுங்கள். அதற்குச் செலவு ஏதுமில்லை.

பெற்றோர்களே, இன்று பள்ளியிலிருந்து வரும் பிள்ளையிடம் "கணினிப் பாடம் நடந்ததா?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். "நீ தட்டினாயா?" என்றும் கேளுங்கள்.